ஸ்போர்ட்ஸ் சீட் மாட்டலாமா? சின்ன காருக்குள் ஒரு பெரிய கேள்வி

2025 ஜனவரி 7. துபாய் ரேஸ் டிராக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த நடிகர் அஜித் குமாரின் போர்ஷே கார் தடுப்புச் சுவரில் மோதிப் பம்பரமாகச் சுற்றி நின்றது. சில நொடிகளில் அவர் காயமின்றி இறங்கி நடந்தார். ஐந்து நாள் கழித்து, துபாய் 24 மணி நேரப் போட்டியில் அவருடைய அணி 992 பிரிவில் 3ஆவது இடம் பிடித்தது. இரண்டு வீடியோக்களும் தமிழ்நாட்டில் போன் போனாகச் சுற்றின.

அந்த வீடியோவைப் பார்த்தவர்களின் கண்ணில் பட்ட பொருள்களில் ஒன்று, அவரை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்திருந்த அந்த சீட். ‘பக்கெட் சீட்’ என்பார்கள். இன்று ஆன்லைனில் ஆர்டர் போட்டால் அதே தோற்றத்தில் ஒரு சீட் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

ஆரணி பட்டு நெசவு வட்டாரத்தில் உள்ள தேசூரை எடுத்துக்கொள்வோம். தறி ஓடும் வீட்டில் பிறந்த ஓர் இளைஞர். ஒரகடம் பக்கம் கார் கம்பெனியிலோ, சென்னையில் ஐ.டி. அலுவலகத்திலோ வேலை. கையில் ஒரு பழைய ஹேட்ச்பேக். வாரம் தவறாமல் ஊருக்கு வந்து போக வேண்டும். சென்னைக்கு ஒரு வழிக்கே 100 கிலோமீட்டருக்கு மேல். இடுப்பு வலி ஒருபக்கம், காருக்கு ஒரு ‘கெத்து’ வேண்டும் என்ற ஆசை இன்னொரு பக்கம். “நாலு போல்ட்தானே, கழட்டி மாட்டிட்டா முடிஞ்சுது” என்கிறார் நண்பர்.

நாலு போல்ட்தானா? இன்றைய சின்ன கார்களில் அந்த நாலு போல்ட்டுக்கு மேலே என்ன இருக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, வலிக்கும் ஆசைக்கும் வேறு என்ன வழி?

சீட் என்பது வெறும் நாற்காலியா?

20 ஆண்டுகளுக்கு முந்தைய சின்ன கார்களில் கிட்டத்தட்ட அப்படித்தான். இரும்புச் சட்டம், ஸ்பிரிங், பஞ்சு, மேலே துணி. இப்போது அப்படி இல்லை. ஒரு புதிய ஹேட்ச்பேக்கின் முன் சீட்டில் இவையெல்லாம் இருக்கலாம்:

• சீட் பெல்ட்டைச் செருகும் பக்கிள். பெரும்பாலான கார்களில் இது தரையில் இல்லை, சீட்டின் சட்டத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறது.

• பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்கும் சுவிட்ச், ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று அறியும் சென்சார்.

• முதுகுச் சாய்வின் ஓரத்தில், துணிக்குள் மறைந்திருக்கும் பக்கவாட்டு ஏர்பேக்.

• இவற்றை ஏர்பேக் கணினியோடு இணைக்கும் ஒயர். பல கார்களில் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் தெரியும்.

“ஏர்பேக்கெல்லாம் பெரிய காருக்குத்தானே” என்ற காலம் போய்விட்டது. ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம். ஹூண்டாய் 2023 அக்டோபரில் தன் எல்லா மாடல்களிலும் 6 ஏர்பேக் என்று அறிவித்தது. 2024 மே மாதம் வந்த புதிய ஸ்விஃப்டின் எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக். 2025 மே மாதத்தில் ஆல்டோ கே10, செலேரியோ, வேகன்ஆர் வரை அதையே மாருதி சுசூகி கொண்டுவந்தது. 6 ஏர்பேக் என்றால் அதில் இரண்டு பெரும்பாலும் முன் சீட்டுகளுக்குள்தான் இருக்கும்.

ஆக, சீட்டைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் காரிலிருந்து இரண்டு ஏர்பேக்கையும் கழற்றி வீட்டு மூலையில் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நெசவு தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். குழித்தறியில் உட்காரும் பலகை, காலுக்குக் கீழே மிதிப்பலகை, கைக்கு எட்டும் இடத்தில் நாடா, எல்லாமே ஒன்றுக்கொன்று அளவெடுத்து வைத்தவை. “பலகை மட்டும் கொஞ்சம் உசரமா இருக்கட்டும்” என்று மாற்றினால் மிதிக்குக் கால் எட்டாது. காரிலும் சீட், பெல்ட், ஏர்பேக் மூன்றும் ஒரே தறி. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டின் கணக்கும் தப்பிவிடும்.

மோதும்போது சீட்டின் மேல் எவ்வளவு பாரம் விழும்?

ஒரு சின்ன கணக்கு. கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நேராக மோதுகிறது. முன்பக்கம் நசுங்கி, உள்ளே இருப்பவர் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் உடல் உணரும் வேகக்குறைப்பு புவியீர்ப்பைப் போல சுமார் 16 மடங்கு. 75 கிலோ எடையுள்ளவர் அந்தக் கணத்தில் சுமார் 1,200 கிலோ பாரமாக முன்னோக்கி இழுக்கிறார். 20 கிலோ சீட் தனியாக 300 கிலோவுக்கு மேல் இழுக்கும்.

இந்த 1,200 கிலோவைப் பிடித்து நிறுத்துவது பெல்ட். அந்தப் பெல்ட்டின் ஒரு முனை சீட்டில் இருக்கிறது. சீட்டைப் பிடித்திருப்பது ரெயில். ரெயிலைப் பிடித்திருப்பது நாலு போல்ட். நண்பர் சொன்ன அதே நாலு போல்ட்.

அதனால்தான் கார் கம்பெனிகள் இதைச் சும்மா விடுவதில்லை. கார் சீட்டுகளுக்கான ஐ.நா.வின் 17ஆம் எண் விதிமுறைப்படி, புவியீர்ப்பைப் போல 20 மடங்கு அதிர்வை 30 மில்லிசெகண்ட் நேரம் கொடுத்தாலும் சீட்டின் சட்டமும் பிடிமானமும் பூட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தியாவிலும் சீட், அதன் பிடிமானம், தலைச்சாய்வு ஆகியவற்றுக்குத் தனித் தரவிதிகள் உண்டு.

‘யுனிவர்சல் பிராக்கெட்’ என்று விற்கப்படும் இரும்புப் பட்டையை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ‘எல்லா காருக்கும் பொருந்தும்’ என்றால், எந்த ஒரு காருக்காகவும் அளவெடுத்துச் செய்யப்படவில்லை என்றுதான் பொருள். ஓட்டை ஒத்துவராவிட்டால் சிலர் தரையில் புது ஓட்டை போடுகிறார்கள். கம்பெனி ஓட்டைகளுக்கு அடியில் பலப்படுத்திய குறுக்குச் சட்டம் இருக்கும். புது ஓட்டைக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடுதான். மோதலில் போல்ட் உடையாமலே தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

போல்ட்டும் அப்படித்தான். தலையில் 8.8, 10.9 என்று எண் பொறித்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அது அந்த போல்ட்டின் வலுவைச் சொல்கிறது. கம்பெனி போட்டதைத் தொலைத்துவிட்டு ஹார்டுவேர் கடையில் ‘அதே சைஸ்’ வாங்கிப் போட்டால் சைஸ் ஒன்றாக இருக்கும், வலு ஒன்றாக இருக்காது.

அப்படியென்றால் அஜித்தின் காரில் மட்டும் எப்படி?

இதுதான் பலர் தவறவிடும் இடம். அந்தக் காரில் அந்த சீட் தனியாக வேலை செய்யவில்லை.

போர்ஷே கப் ரேஸ் கார் தொழிற்சாலையிலேயே ரேஸுக்காகச் செய்யப்படுகிறது. உள்ளே பற்றவைத்த இரும்புக் கூண்டு இருக்கும். ஆறு முனைப் பெல்ட் இருக்கும். ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டிருப்பார். கழுத்து முன்னே வெட்டி இழுக்காமல் தடுக்க ஹெல்மெட்டைத் தோளோடு இணைக்கும் ‘ஹான்ஸ்’ கருவியும் போட்டிருப்பார். பக்கெட் சீட் இந்தக் கூட்டத்தில் ஓர் ஆள், அவ்வளவுதான்.

சாலைக் காரில் கூண்டு இல்லை, ஹெல்மெட் இல்லை, ஆறு முனைப் பெல்ட் இல்லை. பக்கெட் சீட் மட்டும் தனியாக வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

முதலில் பெல்ட். காரின் சாதாரண மூன்று முனைப் பெல்ட் இடுப்பெலும்பின் மேல், தாழ்வாகப் படிய வேண்டும். பக்கெட் சீட்டின் உயரமான ஓரங்கள் பெல்ட்டைத் தூக்கிப் பிடித்தால் அது எலும்பை விட்டு வயிற்றின் மேல் உட்காரும். மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் சறுக்கும், பெல்ட் வயிற்றை அழுத்தும். எலும்பு தாங்க வேண்டியதைக் குடலும் கல்லீரலும் தாங்க வேண்டிவரும்.

“அப்போ நாலு முனைப் பெல்ட்டும் சேர்த்து மாட்டிடலாமே?” கூண்டு இல்லாத காரில் அது இன்னொரு சிக்கல். தோள்களைச் சாய்வோடு கட்டிப்போட்டுவிட்டால், கார் உருண்டு கூரை கீழே அழுந்தும்போது உடல் நகர இடமே இருக்காது. தோள் பட்டைகளைப் பின் சீட்டுப் பெல்ட் ஓட்டைகளில், தாழ்வாகக் கட்டினால் மோதலில் அவை தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை நசுக்கும். ஹான்ஸ் இல்லாததால், கட்டுண்ட உடலுக்கு மேலே தலை மட்டும் முன்னே பாயும்.

அடுத்து, பின்னால் இருப்பவர்கள். கம்பெனி சீட்டின் பின்பக்கம் மெத்தென்று இருக்கும். பின் சீட்டில் இருப்பவரின் முழங்காலோ தலையோ மோதினால் அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஃபைபர் பக்கெட்டின் பின்புறம் கட்டிப் பலகை. ஊருக்குப் போகும் காரில் பின்னால் உட்காருவது அம்மாவும் தங்கச்சி பிள்ளைகளும்தான்.

“உண்மையான ரேஸ் சீட்னா பரவாயில்லையா?”

சர்வதேச மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ, ரேஸ் சீட்டுகளுக்கு 8855-1999 என்ற தரச் சான்று தருகிறது. அந்தச் சான்று பெற்ற சீட்டில் தயாரிப்புத் தேதியோடு ஒரு லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அந்த சீட்டுகளுக்கு ஆயுள் தயாரிப்புத் தேதியிலிருந்து 5 ஆண்டுதான். அதற்கு மேல் போட்டியில் பயன்படுத்த, தயாரிப்பாளரே சோதித்து நீட்டிப்பு தர வேண்டும். பழைய பொருள் சந்தையில் ‘இம்போர்டட் ரேஸ் சீட்’ என்று கிடைப்பது எப்போது செய்தது, எந்த விபத்திலிருந்து வந்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது. பெரிய பிராண்டு பெயரை ஒட்டிய போலிகளும் இருக்கின்றன.

லேபிள் அசலாகவே இருந்தாலும் அது ரேஸ் டிராக்குக்கான சான்று. சாலையில் ஓட்டுவதற்கான அனுமதி அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘ஸ்போர்ட்ஸ் சீட்’ என்று எங்கும் இல்லை. ஆனால் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒன்று, 1988ஆம் ஆண்டு சட்டத்தின் 52ஆவது பிரிவு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.சி.யில் உட்காருவோர் எண்ணிக்கையும் இருக்கிறது. முன்னால் இரண்டு பக்கெட் மாட்டி, ‘ரேஸ் லுக்’ வேண்டும் என்று பின் சீட்டைக் கழற்றி எறிந்தால் இந்தப் பிரிவு நேரடியாகப் பாயும்.

இரண்டு, உச்ச நீதிமன்றத்தின் 2019 ஜனவரி 9 தீர்ப்பு. கேரளாவிலிருந்து வந்த வழக்கு அது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு, தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற முடியாது என்று சொன்னது. நிறம் மாற்றுவது, சிறு பொருத்தங்கள் போன்றவை வேறு, அமைப்பையே மாற்றுவது வேறு என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

மூன்று, அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவு. அனுமதிக்கப்படாத விதத்தில் வண்டியை மாற்றும், அல்லது வெளிப் பாகங்களைப் பொருத்தும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கம்பெனி ரெயிலிலேயே, தரையைத் தொடாமல், சாயக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் சீட்டை மாட்டினால் அது ‘அமைப்பு மாற்றமா’, ‘சிறு பொருத்தமா’? இங்கே வாதத்துக்கு இடம் உண்டு. ஒரு அதிகாரி விட்டுவிடலாம், இன்னொருவர் எழுதிவிடலாம். தரையில் ஓட்டை, ஏர்பேக் நீக்கம், பின் சீட் நீக்கம் என்று போனால் வாதம் சுருங்கிக்கொண்டே போகும்.

இதோடு பெல்ட். பெல்ட் போடாமல் ஓட்டினால் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். பக்கிள் சரியாக எட்டாத சீட்டில் “கிட்டக்கதான் போறோம்” என்று பெல்ட்டை விட்டுவிடுவதுதான் நடக்கும்.

எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டால் போதுமா?

கம்பெனி சீட்டைக் கழற்றினால் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியும். காணாமல் போன சீட்டைக் கார் தேடுகிறது என்பதுதான் அதன் பொருள். சில இடங்களில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகி “லைட் போயிடுச்சு பாருங்க” என்பார்கள். லைட் போனது உண்மை. ஏர்பேக் வந்துவிட்டதா? இல்லை. இருப்பதாகக் காரை ஏமாற்றியிருக்கிறார்கள். பிறகு அந்தக் காரை வாங்குபவருக்கும் அது தெரியாது.

பெல்ட் அலாரமும் அப்படித்தான். சத்தத்தை நிறுத்தப் பக்கிளில் செருகும் சின்ன கிளிப்புகள் ஆன்லைனில் விற்றன. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 5 பெரிய இணைய விற்பனைத் தளங்களுக்கு எதிராக உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. அப்போது அரசு சுட்டிக்காட்டிய எண் முக்கியமானது: 2021இல் மட்டும் சீட் பெல்ட் போடாததால் நாட்டில் 16,397 பேர் உயிரிழந்தார்கள். அதில் 7,959 பேர் ஓட்டியவர்கள் அல்ல, கூடப் போனவர்கள்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

பாலிசி எடுக்கும்போது வண்டியில் மாற்றம் ஏதும் செய்திருக்கிறதா, கூடுதல் பொருத்தங்கள் உண்டா என்று கேட்பார்கள். அங்கே ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர் வேறு சீட்டைப் பார்த்தால் சொந்த சேதத்துக்கான க்ளெய்மில் கேள்வி எழும். குறைந்தபட்சம் அந்த சீட்டுக்குப் பணம் வராது. விபத்தில் ஒருவர் காயப்பட்டதற்கு அந்த மாற்றமே காரணம் என்று வந்தால் சிக்கல் பெரிதாகும். மாற்றம் செய்யும் எண்ணம் இருந்தால் முதலில் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குவதே சரி. போனில் “ஓகே சார்” என்று சொன்னது கணக்கில் வராது.

பாதுகாப்பு நட்சத்திரத்துக்கும் இதே கதைதான். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் சோதனையில் காரை 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கமாக மோதவிடுகிறார்கள். அதில் கிடைக்கும் நட்சத்திரம், கம்பெனி சீட்டோடு மோதிய காருக்குத்தான். சீட் மாறிய காரை யாரும் மோதிப் பார்க்கவில்லை. முதல் சோதனையே சாலையில்தான் நடக்கும்.

வெளிநாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

அங்கே தடை இல்லை, ஆனால் காகிதம் கேட்பார்கள். ஜெர்மனியில் வெளி சீட் மாட்டலாம். அந்த சீட்டும் அதைத் தாங்கும் அடிச்சட்டமும் அந்தக் குறிப்பிட்ட கார் மாடலுக்குச் சோதிக்கப்பட்டதற்கான சான்று வேண்டும். இல்லையென்றால் வண்டியின் இயக்க அனுமதியே ரத்தாகலாம். ஜப்பானில், பின் சீட் உள்ள காரில் கட்டிப் பின்புறம் கொண்ட பக்கெட் மாட்டினால் அதன் பின்பக்கத்தை மெத்தையால் மூட வேண்டும். இல்லாவிட்டால் கட்டாய வாகனப் பரிசோதனையில் தேறாது. பின்னால் இருப்பவரின் தலை பற்றிய கவலைதான் அந்த விதி.

இந்தியாவிலும் முறையாகச் செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2025 டிசம்பரில் மாருதி சுசூகி, வேகன்ஆர் காருக்கு வெளிப்பக்கமாகத் திரும்பும் சுழல் சீட்டை அறிமுகப்படுத்தியது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் சிரமமின்றி ஏறி இறங்குவதற்காக. ஏற்கெனவே ஓடும் வேகன்ஆரிலும் இதைப் பொருத்தலாம். ஆனால் அது சந்தைக்கு வருவதற்கு முன் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ சோதனை மையத்தில் தேற வேண்டியிருந்தது. ஒரே ஒரு மாடலுக்கு, ஒரே ஒரு சீட்டுக்கு இவ்வளவு வேலை. ‘எல்லா காருக்கும் பொருந்தும்’ என்ற விளம்பரத்தின் எடை இதை வைத்துப் பார்த்தால் புரியும்.

மாற்றுத்திறனாளிகள் தங்கள் தேவைக்கேற்ப வண்டியை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் தனி வழி உண்டு. அதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். அந்தத் தேவை உள்ளவர்கள் தயங்க வேண்டியதில்லை.

கார் வேகமாகப் போகுமா?

ஃபைபர் பக்கெட் லேசானது என்பது உண்மை. இரண்டு சீட்டும் சேர்ந்து 20 கிலோ குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். 900 கிலோ காரில் அது 2 சதவீதத்துக்குச் சற்று மேல். பின் சீட்டில் ஒரு அரிசி மூட்டை ஏறினால் அந்த லாபம் போய்விடும். டிராக்கில் நொடியில் நூறில் ஒரு பங்குக்குப் போராடுபவருக்கு அது பெரிது. வந்தவாசி சாலையில் பஸ்ஸுக்குப் பின்னால் போகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இடுப்பு வலிக்கு வேறு என்ன வழி?

வலி உண்மையானது. ஆனால் அதில் பெரும்பகுதி சீட்டின் குறை அல்ல, சீட்டை வைத்திருக்கும் விதத்தின் குறை. புது சீட் வாங்கும் முன், செலவே இல்லாத ஐந்து விஷயங்களைச் செய்து பார்க்கலாம்:

1. இடுப்பை சீட்டின் மூலைவரை தள்ளி உட்காருங்கள். முதுகுக்கும் சாய்வுக்கும் இடையே கை நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது.

2. கிளட்ச்சை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும் தூரத்தில் சீட்டை வையுங்கள்.

3. சாய்வை நிமிர்த்துங்கள். தோள் சாய்வை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும்.

4. நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். ஏர்பேக் விரிய அந்த இடம் வேண்டும்.

5. தலைச்சாய்வின் உச்சியைத் தலை உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் கழுத்தைக் காப்பது அதுதான்.

இடுப்புக்குப் பின்னே ஒரு சின்ன தலையணை வைக்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கலாம். பழைய காரில் பஞ்சு அமுங்கிப்போயிருந்தால் கம்பெனி சர்வீஸில் அதே மாடலின் பஞ்சையோ சீட்டையோ கேட்கலாம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்கு, அந்த இடத்தில் பிரியும் தையலோடு அந்த மாடலுக்கென்றே செய்த கவர் மட்டும் போடுங்கள். இறுக்கமான சாதாரண கவர் ஏர்பேக்கை உள்ளேயே அமுக்கிவிடும்.

‘கெத்து’ வேண்டும் என்பவருக்கு ஸ்டிச்சிங் மாற்றிய கவர், ஸ்டியரிங் கவர் என்று வழிகள் உண்டு. உண்மையிலேயே ரேஸ் ஓட்ட ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டை டிராக் தேசூரிலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கூண்டும் ஆறு முனைப் பெல்ட்டும் ஹெல்மெட்டும் இருக்கும் அந்தக் காருக்குள் பக்கெட் சீட் தன் வேலையை முழுதாகச் செய்யும்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்?

பதற வேண்டாம். ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். சாவி போட்டதும் சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவே இல்லை என்றாலும் கோளாறுதான். பெல்ட் இடுப்பெலும்பில் படிகிறதா, தோளின் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அடியில் தகட்டில் புது ஓட்டை, துரு, விரிசல் இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சீட் வீட்டில் இருந்தால் அதைத் திரும்ப மாட்டுவதே மலிவான தீர்வு. ஆனால் அதை வீட்டிலேயே செய்ய வேண்டாம். அதற்குள் ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, கம்பெனி சொல்லும் நேரம் காத்திருந்து, பயிற்சி பெற்றவர் மட்டுமே அந்த ஒயரைத் தொட வேண்டும்.

பழைய ஹேட்ச்பேக் வாங்கப்போகிறவர்களும் முன் சீட்டின் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்ற சின்ன பட்டையைத் தேடிப் பாருங்கள். 6 ஏர்பேக் என்று சொல்லி விற்கும் காரில் அந்தப் பட்டை இல்லையென்றால், விலை பேசும் முன் “பழைய சீட் எங்கே?” என்று கேளுங்கள்.